ஊரருகே ஒரு பல்கலைக்கழகம்



இண்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும், சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வினா எழுகின்றது. பிள்ளையைப் பெயர்பெற்ற தனியார் கல்லூரிக்கு அனுப்புவதா, அருகிலுள்ள அரசினர் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதா? அரசினர் பல்கலைக்கழகம் என்றால் இடம் கிடைக்காதவர் ஒதுங்கும் இடம் என்று கருதுவோர் நம்மிடையே பலர். அக்கருத்து பொருந்துமா என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் சிறிது வரலாறு. சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், உயர்கல்வி நாடியவர்கள் பெரும்பாலும் சென்னைக்கே சென்றனர். சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் பிறந்து, பின்னர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான சி. ஆர். ரெட்டியும் சென்னையிலேயே பயின்றார். வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பயணமே பெருந்தடையாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றியது. மறு ஆண்டே, பிரகாசம் பந்துலு முதலமைச்சராக இருந்தபோது, திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1959இல் அதன் பொறியியற் கல்லூரி தொடங்கிற்று. தொலைவாலும் பொருட்செலவாலும் கல்வி எட்டாதிருந்த மக்களுக்காக எழுந்த நிலையம் அது.

அதில் தமிழருக்கும் பங்கு உண்டு. பேராசிரியர் ந. சுப்பு ரெட்டியார் 1960இல் அங்குச் சென்று, ஏறத்தாழ 17 ஆண்டுகள் தமிழ்ப் பணி ஆற்றினார். இலக்கியம், வைணவம், அறிவியல் ஆகிய துறைகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களை எழுதியவர் அவர். தெலுங்கு நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தமிழுக்கு இடம் தந்தது. தமிழறிஞர் ஒருவர் அவ்விடத்தைப் பெருமைப்படுத்தினார்.

இனிச் செலவைக் கருதுவோம். தனியார் கல்லூரி ஒன்றில் ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் என்று கொண்டால், நான்கு ஆண்டுகளுக்கு 12 இலட்சம் ஆகும். அத்தொகையை நூற்றுக்குப் பத்து வட்டியில் கடனாகப் பெற்றுப் பத்தாண்டுகளில் அடைப்பதாயின், படிப்புக் காலத்து வட்டியை விட்டுவிட்டாலும், மாதந்தோறும் ஏறத்தாழ 15,900 ரூபாய் செலுத்த வேண்டும். புதிதாக வேலையில் சேரும் இளைஞனுக்கு இது எளிய சுமையன்று. மூத்தவனுக்காக நிலத்தை விற்ற குடும்பத்தில், இளையவளின் படிப்பு பட்டப்படிப்போடு நின்றுவிடுவதும் உண்டு. ஒரு பிள்ளையின் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, மற்றப் பிள்ளைகளின் கல்வியையும் சேர்த்தே முடிவு செய்கிறோம் என்பதை மறத்தலாகாது.

இங்கே வெளிமாநிலத் தமிழர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1974ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, ஆந்திரப் பிரதேசத்தின் பல்கலைக்கழக இடங்களில் 85 விழுக்காட்டை உள்ளூர் மாணாக்கருக்கு ஒதுக்க வகை செய்தது. இராயலசீமை மாவட்டங்களும் நெல்லூரும் ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழக வட்டாரத்தில் அடங்கும். தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும் நான்கு ஆண்டுகள் இவ்வட்டாரத்தில் தொடர்ந்து படித்திருத்தல், உள்ளூரார் எனக் கொள்ளப்படுவதற்குரிய முதன்மையான வழி. தாய்மொழி எது என்பது அங்கே வினாவன்று. ஆகவே சித்தூர்த் தமிழ்ப் பிள்ளை அயலானாக நின்று இரக்க வேண்டியதில்லை, உரிமையோடு விண்ணப்பிக்கலாம். ஆனால் வேலூர் அருகில்தானே இருக்கிறது என்று எண்ணி, உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்கு எல்லை கடந்து அனுப்பினால், அவ்வுரிமை நழுவக்கூடும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் சேருமுன்பே அவற்றைக் கேட்டறிவது நன்று. வேறு மாநிலங்களில் வாழும் தமிழரும் தத்தம் மாநில விதியை இவ்வாறே அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

குறைகள் இல்லையோ எனின், உண்டு. பெரிய பல்கலைக்கழகங்களில் ஆசிரியப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பதுண்டு. தேர்வு முடிவுகள் தாமதமாவதுண்டு. தனியார் கல்லூரி மாணாக்கனைத் தேடி வந்து வேலைக்கு ஆயத்தம் செய்யும். பெரிய பல்கலைக்கழகத்திலோ மாணாக்கன்தான் நூலகத்தையும் ஆசிரியரையும் தேடிச் செல்ல வேண்டும். தானே முயலும் இயல்பு சிறிதும் இல்லாத பிள்ளைக்கு அது கடினமே. ஆதலின் சேருமுன் தந்தையோ தாயோ பிள்ளையுடன் ஒருநாள் அங்குச் சென்று வருக. விரும்பும் துறையில் நிலையான ஆசிரியர் எத்துணைப் பேர், ஆய்வுக்கூடம் இயங்குகின்றதா, சென்ற ஆண்டு படித்து முடித்தவர் எங்கே உள்ளனர் என்னும் மூன்றையும் வினவுக. கட்டடத்தின் அழகும் விளம்பரமும் இவற்றுக்கு விடை தாரா.

முயலும் பிள்ளைக்கு அங்கே வாய்ப்புகள் பல. சித்தூர்–திருப்பதி வழியிலுள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கின்றது. 2015இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் திருப்பதியை அடுத்தே உள்ளது. வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இரு மாநிலங்களும் பழகிய நிலமே.

தனியார் கல்லூரி கூடாது என்பது நம் கருத்தன்று. அங்கே மட்டும் கிடைக்கும் படிப்பும், அதைத் தாங்கும் பொருள்வளமும் இருப்பின் சேர்க்கலாம். ஆனால் அண்டை வீட்டார் மதிப்பர் என்பதற்காகக் கடன்படுதல் வேண்டா. பொதுமக்களின் வரிப்பணத்தில் நடக்கும் கல்வி நிலையம் நம்முடையது. அதன் வாயிலில் கூசி நில்லாமல், உரியவராய் உட்புகுவோமாக.