மூளையின் பகுதிகள்: படித்ததும் பட்டதும்



விஞ்ஞானப் பாடத்தில் மூளையின் படம் கீறி மூன்று பகுதிகளைக் குறித்தோம். சிந்தனை, ஞாபகம், பேச்சு, இச்சைவழி அசைவு ஆகியவற்றுக்கு மூளையம். உடற் சமநிலைக்கு மூளி. சுவாசத்துக்கும் இதயத் துடிப்புக்கும் நீள்வளைய மையவிழையம். புள்ளியும் கிடைத்தது.

ஆனால், ஓர் ஆடி அமாவாசையன்று அமிர்தகழியில் அந்தப் பாடம் எங்களுக்கு நினைவில் வரவில்லை. மாமாங்கத் தீர்த்தக்கரையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்குத் திடீரெனப் பேச்சுக் குழறியது. வாய் ஒரு பக்கம் கோணியது. வலது கை தொய்ந்தது. விரதக் களைப்பு என்று சோடா பருக்கி, நிழலில் படுக்க வைத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகையில் பொழுது சாய்ந்துவிட்டது.

அது பாரிசவாதம். மூளையத்தின் இடது பாதியே வலது கையை ஆள்கிறது. பெரும்பாலானோருக்குப் பேச்சின் இருப்பிடமும் அதே பாதிதான். 1861இல் பிரெஞ்சு வைத்தியர் போல் புரோக்கா, பேச்சிழந்திருந்த ஒருவர் இறந்தபின் அவரது மூளையை ஆராய்ந்து, இடது முன்பகுதியில் பழுதைக் கண்டார். எங்கள் தோழிக்குப் பேச்சும் வலது கையும் ஒன்றாக விழுந்த காரணம் இதுவே.

குருதிக் கட்டியால் வரும் பாரிசவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் 4.5 மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். நாங்கள் அதைத் தவறவிட்டோம். இன்று அவள் எங்கள் எல்லோரையும் அறிவாள். பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது.

ஆகவே சகோதரிகளே, முகம் கோணினால், கை தொய்ந்தால், பேச்சுக் குழறினால் எதுவும் பருக்க வேண்டாம், புரைக்கேறும். நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். நூற்றாண்டு காணும் நம் பாடசாலை தந்த இந்தப் பாடத்தை வீட்டிலும் சொல்லிக்கொடுப்போம்.