பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள்

பட்டம் பெறும் தாதியரே, இளம் மருத்துவர்களே, உங்கள் உழைப்பைப் பாராட்ட இந்த மேடையில் பலர் இருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த நேரத்தை, என் பணிக்காலம் முழுக்க நான் விடாமல் பேசிவந்த ஒரே விஷயத்துக்குச் செலவிட அனுமதியுங்கள். கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வருகிற இரத்தக் கொதிப்புதான் அது.

நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா தொழிற்சாலையில் இலை வாட்டும் இடத்தில் வேலை பார்த்தார். 1929-இல் ஜே.ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியபின் மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் நாங்கள். வரைபடத்தில் எங்கள் ஊர் பகாங் மாநிலம். நோயாளியை ஏற்றிய வண்டி இறங்குவதோ பேரா மாநிலத்துக்கு. தானா ராத்தாவில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. தீவிர சிகிச்சை என்றால் ஈப்போவுக்குத்தான் போகவேண்டும். சிம்பாங் பூலாய்ச் சாலை வருவதற்கு முன்பு தாப்பா வழியை விட்டால் வேறு நல்ல வழி கிடையாது. வளைவுக்கு மேல் வளைவு. நல்ல உடம்புக்காரர்களுக்கே அந்தப் பாதையில் குமட்டும். கொதிப்பு முற்றி வலிப்பு வந்த தாயைப் படுக்க வைத்து அந்த வளைவுகளில் இறக்குவது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் மலையில் பணியாற்றிய காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் ஓர் இளம்பெண், தலைச்சன் பிரசவம். கர்ப்ப காலம் முழுக்க தாய்மை அட்டையில் ஒரு குறையும் இல்லை, வெள்ளை நிறக் குறிதான். சுகப்பிரசவமாகி இரண்டாம் நாளே வீடு திரும்பிவிட்டாள். ஐந்தாம் நாள் எங்கள் சமூகத் தாதி பிள்ளையைப் பார்க்கப் போனார். மலாய்க்காரப் பெண், தோட்டத் தமிழைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தொப்புளைத் துடைத்தார், எடை போட்டார். எல்லாம் சரி. பையை மூடப்போகும் நேரத்தில் தாயைப் பார்த்து, "உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

ஜன்னல் சாத்தியிருந்த அறை. அந்தப் பெண் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, காதை மூடித் துண்டு கட்டிப் படுத்திருந்தாள். "தலை இடிக்குது மிசி. கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்கு" என்றாள். மாமியார் குறுக்கே வந்தார்: "பச்சை உடம்பு, பனிக்காத்து பட்டிருக்கும். நெஞ்சுக்குக் கீழ வேற வாயு பிடிச்சிருக்கு. சுக்குக் கஷாயம் வெச்சுக் குடுத்திருக்கேன்." அவர் அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. இரவெல்லாம் விழித்து மருமகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

தாதி இரண்டு ஸ்வெட்டரையும் கழற்றச் சொன்னார். எழுப்பிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார். சற்று நேரம் யாரையும் பேசவிடாமல் இருந்துவிட்டு அழுத்தம் பார்த்தார். 180-க்கு 118. மறுபடி பார்த்தார், அதேதான். ஓட்டமாகத் தோட்ட அலுவலகத்துக்குப் போய், கிராணியிடம் தொலைபேசியை வாங்கி எங்களுக்குச் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணின் முழங்காலில் சுத்தியல் பட்டதும் கால் வழக்கத்தைவிட வேகமாகத் துள்ளியது. வலிப்பு வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். மெக்னீசியம் சல்பேட் ஏற்றி, அழுத்தத்தைக் குறைக்க மருந்து கொடுத்து, அதன் பிறகே வண்டியில் ஏற்றினோம். பிழைத்தாள். வலிப்பே வரவில்லை.

அவளைக் காப்பாற்றியது பெரிய மருத்துவமனையின் பெரிய இயந்திரம் என்று நான் நினைக்கவில்லை. பையை மூடும் முன் கேட்ட அந்த ஒரு கேள்விதான். அதுவும் ஐந்தாம் நாள் கேட்டது.

ஏன் ஐந்தாம் நாள்? பாடத்தில் படித்திருப்பீர்கள், மனத்தில் பதிந்திருக்கிறதா என்று தெரியவில்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்துவிட்டால் நோய் தீர்ந்தது என்ற எண்ணம் மருத்துவர்களிடமே இருக்கிறது. நஞ்சுக்கொடியில்தான் நோய் தொடங்குகிறது என்பது உண்மை. கருப்பையின் இரத்தக் குழாய்கள் சரியாக விரியாதபோது, நஞ்சுக்கொடி தாயின் இரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம் அவளுடைய உடல் முழுவதும் குழாய்களைக் கெடுக்கிறது. இதை 2003-இல் எடுத்துக்காட்டிய ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர் ஆனந்த் கருமாஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஆனால் நஞ்சுக்கொடி போன மறுநாளே கெட்ட குழாய்கள் சரியாகிவிடுவதில்லை. கர்ப்ப காலத்தில் உடம்பில் தேங்கிய நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது. பிரசவமானதும் சற்று இறங்கிய அழுத்தம் மூன்றாம் நாளிலிருந்து ஏறி, ஆறாம் நாளுக்குள் உச்சத்தைத் தொடுகிறது. கர்ப்பத்தில் கொதிப்பே இல்லாதவளுக்கும் இது வரலாம். வலிப்பு சில வாரங்கள் கழித்தும் வரலாம். நாமோ இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அழுத்தம் உச்சிக்குப் போகும் நாளில் அவள் லயத்தில், சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறாள். வீட்டில் எல்லார் கண்ணும் பிள்ளை மேல்.

நம் மலேசியா இந்தத் துறையில் தலைநிமிர்ந்து நிற்கலாம். ஒவ்வொரு தாயின் இறப்பையும் இரகசியம் காத்து விசாரிக்கும் முறையை 1991-இல் தொடங்கினோம். அப்போது ஓர் இலட்சம் பிறப்புக்கு 44 தாய்மார் இறந்தார்கள். பின்னாளில் அது 30-க்குக் கீழே வந்தது. அதைக் கீழே கொண்டுவந்தவர்கள் கிராமக் கிளினிக்குகளில் வேலை பார்த்த தாதியர். ஆனாலும் இரத்தக் கொதிப்பு இன்னும் முன்வரிசைக் காரணங்களில் ஒன்று. உலக அளவில் தாய் இறப்புகளில் ஏறத்தாழ ஆறில் ஒன்று இதனால்தான், இரத்தப்போக்குக்கு அடுத்த இடம். இத்தனைக்கும் மருந்து கையில் இருக்கிறது. 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு, மெக்னீசியம் சல்பேட் வலிப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கிறது என்று காட்டியது. விலை மலிவான உப்பு அது. கையில் மருந்து இருந்தும் ஒரு தாய் போகிறாள் என்றால், அவளுக்கு யாரும் உரிய நேரத்தில் அழுத்தம் பார்க்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் நான் மாணவியாக இருந்தபோது எங்கள் பேராசிரியர் ஒருவர் முதல் வாரம் முழுவதும் இரத்த அழுத்தம் பார்ப்பதை மட்டுமே சொல்லிக்கொடுத்தார். நெஞ்சைத் திறக்கும் அறுவை சிகிச்சையைப் பார்க்கும் ஆசையில் வந்த எங்களுக்குச் சலிப்பு தட்டியது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பாதரசம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். விடுதிக்குத் திரும்பும் வழியில் மீ கோரேங் சாப்பிட்டபடி அவரைக் குறை பேசினோம். மலைக்கு வந்த பிறகுதான் அவர் கொடுத்தது என்ன என்று விளங்கியது. எங்கள் மலையில் குளிர். ஸ்வெட்டர் மேலேயே பட்டையைச் சுற்றுவார்கள், இல்லை கையை இறுக்கிச் சுருட்டிவிட்டு அதற்குக் கீழே கட்டுவார்கள். இரண்டுமே பொய்யான அளவைக் காட்டும். சரிவில் ஏறி மூச்சு வாங்க வந்தவளை உட்காரவிடாமல் பார்த்தாலும் பொய், பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் பொய். ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். நேரமில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களோடு சண்டைக்கும் போகாதீர்கள். பத்தியத்தைக் கேலி செய்கிறவர் பேச்சை எந்த மாமியாரும் கேட்கமாட்டார். காயமும் பூண்டும் இருக்கட்டும், கருவாட்டை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக இதைச் சொல்லி வையுங்கள்: விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, மூச்சுத் திணறல். இவற்றில் எது வந்தாலும் கஷாயத்துக்கு அடுப்பு மூட்டும் முன் தாதி மிசிக்குத் தகவல் போகவேண்டும். மாமியார் நம் பக்கம் வந்துவிட்டால் லயம் முழுவதும் நம் பக்கம்.

இன்று மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். காய்கறித் தோட்டங்களிலும் அவர்கள்தான். கர்ப்பம் என்று தெரிந்தால் வேலை அனுமதி போய்விடும் என்ற அச்சம் அந்தப் பெண்களுக்கு. அரசு மருத்துவமனையில் கட்டணமும் அவர்களுக்கு அதிகம். அதனால் மறைக்கிறார்கள், வலி எடுத்த பிறகு வருகிறார்கள். மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது 2023-இல். நான் மனமார வரவேற்றேன். ஆனால் கர்ப்பத்தையே ஒளித்து வைக்க வேண்டியவளுக்கு அந்த விடுப்பு எட்டாது. இது அநியாயம். என் பாட்டியும் இந்த மலைக்குக் கடல் கடந்து வந்தவர்தான். கிளினிக் வாசலில் உங்கள் முன்னால் நிற்கிறவளிடம் கடப்பிதழைக் கேட்கும் முன் தலைவலி உண்டா என்று கேளுங்கள்.

இன்னும் ஒன்று மட்டும். கர்ப்பத்தில் கொதிப்பு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆறாம் வாரப் பரிசோதனையோடு அவளுடைய தாய்மை அட்டை மூடப்படுகிறது, அந்தச் செய்தியும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நாற்பது வயதில் அவள் வேறொரு கிளினிக்குக்குப் போகும்போது அங்கே யாருக்கும் இது தெரியாது. அவள் பொதுச் சிகிச்சைப் பதிவேட்டிலும் எழுதுங்கள். அவளிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தம் பார்க்க வேண்டும், அடுத்த முறை உண்டானால் மூன்றாம் மாதத்திலேயே வரவேண்டும், அப்போது ஆஸ்பிரின் தொடங்கலாம் என்று. மேசையில் உட்கார்ந்து எழுத இரண்டு நிமிடம் ஆகும். உங்களில் யாராவது ரிங்லெட்டுக்கோ தானா ராத்தாவுக்கோ பணிக்கு வந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், முதல் வாரம் நானே கூட வருகிறேன்.