துருவேறிய போல்ட்டு



1948-ஆம் ஆண்டு அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயரில் தோன்றிய நிறுவனம், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிச் சேர்த்து வெளியிட்டது. அத்தகைய பழைய கார் ஒன்று இராயபுரம், திருவொற்றியூர்க் கடலோரச் சாலைகளில் ஓடுமாயின், அதன் பெரும்பகை உப்புக்காற்றே. இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் போதும்; உப்பு அதனை விரைவுபடுத்துகின்றது.

சக்கரத்தைத் தாங்கும் வில்லை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டை நோக்குங்கள். தலை வெளியே தெரியும். உடலோ உள்ளே மறைந்திருக்கும். துரு, இரும்பைவிட மிகுதியான இடம் கொள்வதால், போல்ட்டு உள்ளேயே இறுகிப்போகும். தலை நன்றாயிருக்க, உடல் மெலிந்துவிடும்.

அதனைக் கழற்றுமுன், ஜாக்கியை மட்டும் நம்பாது வண்டிக்கு உறுதியான முட்டுக் கொடுத்தல் வேண்டும். எண்ணெய் ஊறும்வரை பொறுத்திருத்தலும் வேண்டும். மெலிந்த போல்ட்டை மீண்டும் பூட்டலாகாது. புதியது அளவிலும் மரையிலும் வலிமையிலும் பழையதை ஒத்திருத்தல் வேண்டும். ரப்பர் புஷ் உள்ள இடங்களில், வண்டியின் பளு சக்கரங்களின்மேல் இறங்கிய பின்னரே முடிவாக முடுக்குதல் வேண்டும். இன்றேல் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும்.

1967 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவில், ஒஹையோ ஆற்றின்மீதிருந்த சில்வர் பாலம் வீழ்ந்து 46 பேர் மாண்டனர். இணைப்புச் சட்டம் ஒன்றனுள் அரிப்பும் இழுவிசையும் சேர்ந்து வளர்த்த சிறு வெடிப்பே காரணம். சோதித்தோர் கண்ணுக்கு அது புலப்படவில்லை.

ஆகவே, கண்ணுக்குத் தெரியும் தலையைத் துடைத்து மகிழாமல், மறைந்திருக்கும் உடலைக் கழற்றிச் சோதியுங்கள். போல்ட்டின் விலை சிறிது. அதனை நம்பிப் பயணம் செய்வோர் உயிரோ விலைமதிப்பற்றது.