குளிர்களியும் குப்பைத்தொட்டியும்



நிகழ்ச்சி என்பது வேறு, அந்நிகழ்ச்சியைப் பற்றிய கதை என்பது வேறு. இலக்கியம் பயில்வோருக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் இதனை விளக்குவதற்கு இன்று நான் ஒரு சிறுகதையையோ நாவலையோ எடுத்துக்கொள்ளப் போவதில்லை. பிரித்தானியாவிலே, ஒரு கூடாரத்துக்குள்ளே, உறையாமற் போன ஒரு குளிர்களியை எடுத்துக்கொள்கிறேன். இலக்கிய நேரத்திலே ஐஸ்கிறீமா என்று நேயர்கள் முகஞ்சுளிக்க வேண்டாம். சிலம்பொன்று காணாமற் போன கதையைத்தானே நாம் காப்பியமென்று போற்றுகிறோம்!

'த கிறேற் பிரிட்டிஷ் பேக் ஓஃப்' என்பது பிரித்தானியத் தொலைக்காட்சிப் போட்டியொன்று. 2010 ஆம் ஆண்டு பி.பி.சி.யின் இரண்டாவது அலைவரிசையிலே தொடங்கி, 2014 இல் முதலாவது அலைவரிசைக்கு உயர்ந்தது. தொழில்முறைச் சமையற்காரர் எவருக்கும் அங்கே இடமில்லை. வீட்டிலே பிள்ளைகளுக்கும் அயலவர்க்கும் கேக் செய்து பழகியவர்களே போட்டியாளர்கள். ஒரு பெரிய மாளிகையின் புல்வெளியிலே வெள்ளைக் கூடாரம் அடித்து, அதற்குள்ளே போறணைகளையும் குளிர்பெட்டிகளையும் வைத்து, வாரம் ஒருவராக விலக்கிக்கொண்டு வருவார்கள். மேரி பெரி என்ற மூத்த சமையற்கலை எழுத்தாளரும், போல் ஹொலிவுட் என்ற வெதுப்புக் கலைஞரும் அப்போது நடுவர்கள்.

2014 ஆகஸ்ட் 27 ஆந் திகதி ஒளிபரப்பான அத்தியாயத்தின் இறுதிப் பணி, 'பேக்ட் அலாஸ்கா' எனப்படும் பண்டத்தைச் செய்வது. பெயரே ஒரு முரண்தொடை. பேக்ட் என்றால் போறணையில் வெந்தது. அலாஸ்காவோ பனி மூடிய நிலம். ஒரு கேக் துண்டின்மேல் நன்கு உறைந்த குளிர்களியை வைத்து, முட்டை வெண்கருவைச் சீனியோடு அடித்து நுரைக்க வைத்த பூச்சினால் இடைவெளியின்றி மூடி, கடுஞ்சூடான போறணையிலே சில நிமிடங்கள் வைத்தெடுப்பார்கள். மேற்பூச்சு பொன்னிறமாகும். உள்ளே குளிர்களி குளிர்ந்தபடியே இருக்கும். நுரையிலே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை உள்ளே விடாமற் காப்பதுதான் இதன் இரகசியம். அமெரிக்கா 1867 இல் ருஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை விலைக்கு வாங்கியது. நியூயோர்க்கின் டெல்மோனிக்கோ உணவகத் தலைமைச் சமையற்காரர் சார்ள்ஸ் ரான்ஹோஃபர் 1894 இல் வெளியிட்ட நூலிலே இப்பண்டம் 'அலாஸ்கா, புளோரிடா' என்றே இடம்பெறுகிறது. குளிருக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. நிக்கலஸ் குர்ட்டி என்ற பௌதிக அறிஞர் 1969 இல் இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூஷனிலே இதனைத் தலைகீழாக்கி, வெளியே உறைந்தும் உள்ளே கொதித்தும் இருக்கும் பண்டமொன்றைச் செய்து காட்டினார். அறிஞர்களுக்கும் விளையாட்டுக் குணம் உண்டு.

இனிக் கூடாரத்துக்கு வருவோம். அன்று நல்ல வெயில். போட்டியாளருள் ஒருவர் வட அயர்லாந்திலிருந்து வந்த இளைஞர், பொறியியல் துறையைச் சேர்ந்தவர். கறுப்பு எள்ளுச் சேர்த்த குளிர்களி செய்ய அவர் முனைந்தார். நம்மவருக்கு எள்ளென்றால் எள்ளுருண்டைதான் ஞாபகத்துக்கு வரும். பார்க்கப்போனால் அருமையான எண்ணம். ஆனால் அச்சிலிருந்து எடுத்தபோது அது உறைந்திருக்கவில்லை, வழிந்தோடியது. இளைஞர் முழுவதையும் குப்பைத்தொட்டியிலே கொட்டிவிட்டுக் கூடாரத்தை விட்டு வெளியேறினார். பின்னர் திரும்பிவந்து, நடுவர் மேசைமேல் அந்தக் குப்பைத்தொட்டியையே கொண்டுபோய் வைத்தார். வழங்கப்படாத பண்டத்தை எப்படி மதிப்பிடுவது? அவ்வாரம் விலக்கப்பட்டவர் அவரே.

கோபத்தை வெகுளி என்ற பெயரில் ஆராய்ந்தவர் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலிலே அதற்கு அவர் சொல்லும் காரணங்கள் நான்கு: உறுப்பறுத்தல், குடிகளுக்குக் கேடு செய்தல், அலைத்தல், கொலை. குளிர்களி உருகுதல் அதில் இல்லை. ஆனாலும் மணிக்கணக்காகப் பாடுபட்டுச் செய்த ஒன்று கண்முன்னே கரையும்போது எழும் சினத்தை அறியாதவர் யார்? அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் தீர்ப்பு நியாயமானதே. பரீட்சை விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் இதனை நன்கறிவர். பிழையாக எழுதிய விடைக்கு இரண்டு புள்ளியாவது தேடிப்பிடித்துப் போடலாம். கிழித்தெறிந்த தாளுக்கு என்ன போடுவது?

இதுவரை சொன்னது நிகழ்ச்சி. இனித்தான் கதை.

திரையிலே மக்கள் கண்டது இன்னொன்று. அதே போட்டியில் 69 வயதான ஓர் அம்மையாரும் இருந்தார். குளிர்பெட்டிகளைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அம்மையார் தமது பண்டத்துக்கு இடம் தேடுகையில் இளைஞரின் குளிர்களியை வெளியே எடுத்து வைக்கிறார். அடுத்து இளைஞர் திகைக்கிறார். அடுத்து குளிர்களி வழிகிறது. அடுத்து குப்பைத்தொட்டி. காட்சிக்குப் பின் காட்சி. இதனால் அது என்று எவரும் வாய்திறந்து சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை; ஒன்றையடுத்து ஒன்றை வைத்தால், முன்னையது காரணம், பின்னையது காரியம் என்று மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிடும். கதைக்கலையின் மிகப் பழைய தந்திரம் இது. நல்ல சிறுகதை எழுத்தாளர் எவரும் இதனைக் கையாள்வர். அங்கே பாத்திரங்கள் கற்பனை. இங்கே அந்த அம்மையார் இரத்தமும் சதையுமான மனுஷி.

அன்றிரவே வசை தொடங்கிவிட்டது. சமூக ஊடகங்களிலே அம்மையார் சதிகாரியானார். பி.பி.சி.க்கு எண்ணூறுக்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் வந்தன. வாட்டர்கேற் ஊழலின் வாலை ஒட்டவைத்து, 'பின்கேற்' என்று பத்திரிகைகள் இதற்குப் பெயர் சூட்டின. ஒரு நாட்டின் ஜனாதிபதியைப் பதவி இறக்கிய ஊழலின் பெயர், ஒரு கிண்ணம் குளிர்களிக்கு!

உண்மை என்ன? குளிர்களி வெளியே இருந்தது ஏறக்குறைய 40 செக்கன்கள் என்று அறிவிப்பாளருள் ஒருவரான சூ பேர்க்கின்ஸ் தெரிவித்தார். ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்றும், அவரது வெளியேற்றத்துக்கு அது காரணமன்று என்றும் பி.பி.சி.யும் அறிவித்தது. விஞ்ஞானமும் அம்மையார் பக்கமே நிற்கிறது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்குவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டுமென்று பாடசாலையிலே படித்திருக்கிறோம். நன்கு உறைந்த குளிர்களி 40 செக்கனில் மேலே சற்றுப் பளபளக்குமேயன்றி ஆறாக ஓடாது. ஓடியதென்றால் அது முன்னரே உறையவில்லை என்பதுதான் பொருள். சீனி கரைந்த பால் நீரைப்போல் இலகுவில் உறைவதில்லை. வெயில் நாளிலே பலர் கை மாறிமாறித் திறக்கும் பெட்டியிலே கேட்கவும் வேண்டுமா? வெயில், அவகாசமின்மை, போதாத குளிர்பெட்டிகள் ஆகியவைதாம் எதிரிகள். ஆனால் வெயிலைப் பார்த்து எவர் முறைப்பாடு எழுதுவார்? கதைக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. முதிய பெண்ணொருத்தியின் முகம் கிடைத்தது.

பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டவுடனே, மறுபக்கம் விசாரியாமல் ஆணையிட்ட பாண்டியனை நமது மாணவர்கள் வகுப்பிலே சாடித் தீர்ப்பார்கள். பாண்டியன் கேட்டதாவது ஒரு மனிதனின் வாய்ச்சொல். இங்கே பார்வையாளர் கேட்டது படத்தொகுப்பாளரின் கத்தரிக்கோற் சொல். எனக்குப் பார்வையாளர்மீது இருக்கும் வருத்தத்திலும் பார்க்க அந்தத் தொகுப்பின்மீது வருத்தம் அதிகம். நாள் முழுவதும் பிடித்த படத்திலிருந்து சில நிமிடங்களைப் பொறுக்கி எடுப்பவர், 40 செக்கன் என்ற ஒரு தகவலை எழுத்திலே போட்டிருந்தால் இந்தக் கதையே பிறந்திராது. போடாதது கவனக்குறைவா, கதைச்சுவையின் ஆசையா என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரமே, உடல்நலக் குறைவினால் அம்மையார் போட்டியிலிருந்து விலகிவிட்டதாகத் திரையில் அறிவிக்கப்பட்டது. ஒளிபரப்புக்கு முன்னரே படப்பிடிப்பு முடிந்திருந்தபடியால், வசைக்கு அஞ்சி அவர் ஓடினார் என்பதும் பொருந்தாது.

இவ்வளவு ஆரவாரத்துக்கும் நடுவிலே அந்த இளைஞர் ஒரு செய்தி வெளியிட்டார். ஆதரவுக்கு நன்றி கூறிய அவர், அம்மையாரைக் கடிந்துகொள்ள வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். போட்டி நெடுகிலும் அவர் தமக்கு நிறைய உதவி செய்தவர் என்றும், அதைப் பார்வையாளர்கள் காணவில்லை என்றும் எழுதினார்.