கண்ணைக் காக்கும் இமை
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



நான் வைத்தியம் படித்தவன் அல்ல. நோயாளிகளின் கட்டிலருகே உட்காருவதே என் வேலை. ஆனாலும் டாக்டர்கள் பின்னால் பல வருஷம் வார்டு சுற்றியதில் சில காரியங்கள் காதில் விழுந்திருக்கின்றன. இமையைப் பற்றிக் கேட்டதைச் சொல்லுகிறேன்.

பிள்ளையைப் பொத்தி வளர்த்தோம் என்று சொல்ல, "கண்ணை இமை காப்பதுபோல" என்போம். சொல்லிவிட்டு இமையை மறந்துவிடுவோம். அது நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை மூடித் திறக்கிறது. நம் உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையின் தோல்தான். கண்ணீர்ச் சுரப்பி கண்ணின் வெளியோரத்தில், மேலே இருக்கிறது. அந்த ஈரத்தை இமை கண் முழுவதும் பூசி, தூசியோடு சேர்த்து மூக்குப் பக்கமாக வழித்துவிடுகிறது. காலையில் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார்களே, ஏறக்குறைய அதே வேலை! மூக்கோரத்தில் உள்ள சிறு துவாரங்கள் வழியாக மிச்சத் தண்ணீர் மூக்குக்குள் இறங்குகிறது. அழுதால் மூக்கும் ஒழுகுவது அதனால்தான். இமை விளிம்பில் எண்ணெய்ச் சுரப்பிகளும் வரிசையாக உண்டு. அந்த எண்ணெய் கண்ணீரின்மேல் படர்ந்து, அது சீக்கிரம் காய்ந்துபோகாமல் வைக்கிறது.

கருவிழியில் ஏதாவது பட்டால் நாம் நினைப்பதற்குள் இமை மூடிவிடும். பட்டதை அறிவிக்க ஒரு நரம்பு, இமையை மூட இன்னொரு நரம்பு. தொழுநோய் இந்த இரண்டையுமே கெடுக்கக்கூடும்.

வார்டில், "கண்களை மூடி ஜெபிப்போம்" என்று சொல்லுவேன். ஒரு பெரியவருக்கு ஒரு கண் மட்டும் திறந்தே இருக்கும். அவர் மூடத்தான் பார்ப்பார், இமை வராது. தூங்கும்போதும் அப்படியே. காற்றும் தூசியும் பட்டுப் பட்டுக் கருவிழி வறண்டு, புண்ணாகி, தழும்பேறி வெளுத்துவிட்டது. வலித்திருந்தால் முன்னமே ஓடி வந்திருப்பார். உணர்ச்சி செத்துப்போன கண்ணில் வலி ஏது? காவல் போனது ஒரு கேடு, கூப்பிடும் குரலும் போனது அதைவிடப் பெரிய கேடு என்று எனக்குத் தோன்றும்.

இதற்கு ஆபரேஷன் உண்டு. கன்னப்பொறியில், நாம் மெல்லும்போது அசைகிற தசை ஒன்று இருக்கிறது. அதற்கு வேறு நரம்பு. அதில் ஒரு பகுதியை எடுத்து இமைகளுக்குள் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். அப்புறம் பல்லைக் கடித்தால் கண் மூடும். எதையாவது மென்றுகொண்டிருந்தால் கண் நனைந்துகொண்டேயிருக்கும். தானாக நடந்த காரியத்தை வளர்ந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் நினைத்து நினைத்துச் செய்யப் பழக வேண்டும். பார்க்க எளிதாயிருக்கும், பழகுகிறவருக்குத்தான் அதன் பாடு தெரியும். பகலில் கண்ணாடி, இரவில் கண்ணின்மேல் துணி, தினமும் கண்ணாடியில் பார்த்துச் சிவப்பு உண்டா என்று சோதிப்பது, இவையும் அவருக்குக் கற்றுத்தரப்படும்.

தொழுநோய் ஒழிந்துவிட்டதே என்று சிலர் கேட்கிறீர்கள். 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே குறைந்துவிட்டது என்று 2005இன் முடிவில் இந்தியா எட்டிய நிலை அது. 2023இலும் நம் நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் புது நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் முற்றிலும் செத்த நரம்பை அது உயிர்ப்பிக்காது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சபையிலோ தெருவிலோ இந்த நோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள் இருந்தால், தூங்குவதுபோல மெதுவாகக் கண்ணை மூடச் சொல்லிப் பாருங்கள். இமைகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால், அது எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால், ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையிலேயே நரம்பு தேற வாய்ப்பு உண்டு. அன்றைக்கே அனுப்பிவையுங்கள். பஸ் செலவுக்கு அவர்களிடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.