561 எனக்குக் கொடுத்த அடி



2024 அக்டோபர்ல, இதுவரை தெரிஞ்சதிலேயே பெரிய பகா எண்ணை அறிவிச்சாங்க. 2-ன் 13,62,79,841-ஆவது அடுக்குல இருந்து 1-ஐக் கழிக்கணும். மொத்தம் 4,10,24,320 இலக்கம்! டப்ளின்ல ஓடின ஒரு ஜிபியு முதல்ல "அநேகமா பகா எண்"னுதான் சொல்லுச்சு. அப்புறம்தான் லூக்காஸ்–லெமர் சோதனை அதை உறுதி பண்ணுச்சு.

இந்த "அநேகமா"கிட்ட நான் அடி வாங்கியிருக்கேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஃபெர்மா சோதனையை வச்சு ஒரு ஃபங்ஷன் எழுதினேன். 7-ஐ எடுத்துக்குங்க. ஒண்ணு குறைச்சா 6. 2-ன் 6-ஆவது அடுக்கு 64. அதை 7-ஆல வகுத்தா மீதி 1. மீதி 1 வந்தா பகா எண்ணுன்னு முடிவு பண்ணிட்டேன். ரிலீஸுக்கு முந்தின நாள், டீ குடிச்சுக்கிட்டே சீனியர் அண்ணன் "561 போட்டுப் பாருப்பா"ன்னார். பாஸ்! ஆனா 561-ங்கிறது 3 × 11 × 17. 2-க்குப் பதிலா 5, 7 போட்டாலும் பாஸ்தான். இந்த மாதிரி ஆளுங்களுக்குப் பேரு கார்மைக்கேல் எண்.

மில்லர்–ராபின் சோதனை 561-ஐப் பிடிச்சிடும். ஆர்எஸ்ஏ சாவி உருவாக்க பெரும்பாலும் அதுதான். ஆனா அதுவும் "அநேகமா"தான். ஒரு சுற்றுல ஏமாற வாய்ப்பு அதிகபட்சம் நாலுல ஒண்ணு, அதனால பல சுற்று ஓட்டுவாங்க.

எந்த எண்ணா இருந்தாலும் சந்தேகமே இல்லாத பதிலை, பல்லுறுப்புக்கோவை நேரத்துக்குள்ள கொடுக்குற வழியை 2002-ல கான்பூர் ஐஐடியில கண்டுபிடிச்சாங்க: மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. பின்னவங்க ரெண்டு பேரும் அந்த வருஷம்தான் பி.டெக் முடிச்சவங்க. (நான் அந்த வயசுல அரியர் எழுதிக்கிட்டிருந்தேன், விடுங்க.) நடைமுறைக்கு அது மெதுவு, அதனால சாவி உருவாக்க யாரும் அதைத் தொடுறதில்ல.

என் டெஸ்ட் ஃபைல்ல முதல் வரி இன்னைக்கும் 561தான்.