சினைப்பைப் புற்றுநோய்: விழிப்புணர்வும் வேண்டும், நிதியும் வேண்டும்

(உலக சினைப்பைப் புற்றுநோய் நாளையொட்டி, அந்தமானில் உழைக்கும் பெண்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே,

மே 8, உலக சினைப்பைப் புற்றுநோய் நாள். மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசுகிறோம்; கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முகாம்கள் நடக்கின்றன. கருமுட்டை உருவாகும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் என்பதை நம்மில் பலர் அறியோம். 2022ஆம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் சுமார் 47,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாகின்றனர். சுமார் 33,000 பேர் இறக்கின்றனர்.

ஏன் இத்தனை இறப்பு? பெரும்பாலும் வயிற்றுக்குள் பரவிய பிறகே நோய் கண்டறியப்படுகிறது. வயிற்று உப்புசம், அடிவயிற்று வலி, சிறிது உண்டாலே வயிறு நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது ஆகியவையே அறிகுறிகள். வாயுத் தொல்லை என்று மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறோம். ஒரு நாள் கூலியை இழக்க முடியாத நிலை அப்படி. இவை புதிதாகத் தோன்றி, இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சென்று ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். தாய்க்கோ சகோதரிக்கோ மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. பாப் ஸ்மியர் சோதனை இந்நோயைக் காட்டாது.

அறிகுறி தோன்றும் முன்பே கண்டறிந்து உயிர் காக்கும் சோதனை இன்னும் இல்லை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு, தற்போதைய சோதனைகளால் இறப்பு குறையவில்லை என்று 2021இல் தெரிவித்தது. ஆகவேதான் ஆராய்ச்சி நிதி கேட்கிறோம். இலாபம் தேடும் நிறுவனங்களிடம் இப்பொறுப்பை விட்டுவிட முடியாது. அமெரிக்காவில் 1997இல் இந்நோய்க்கெனத் தனி ஆராய்ச்சித் திட்டம், பாதுகாப்புத் துறையின் நிதியிலேயே தொடங்கப்பட்டது. நோயாளிகளும் குடும்பத்தினரும் கேட்டதால்தான் அத்தகைய ஒதுக்கீடுகள் கிடைத்தன.

நம் தீவுகளில் துயரம் இருமடங்கு. கச்சால் ரப்பர் தோட்டப் பகுதியில் வாழும் பெண் முதலில் தலைநகருக்கு வர வேண்டும். அங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். அறுவைச் சிகிச்சையுடன், மூன்று வாரத்துக்கு ஒருமுறை என வழக்கமாக ஆறு சுற்று கீமோதெரபி. மாதக்கணக்கில் வாடகை, சாப்பாடு, துணைக்கு வந்தவரின் கூலியிழப்பு. மருந்து இலவசமானாலும் குடும்பம் கடனாளியாகிறது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானது. ஒரு வீட்டின் துயரம் பொதுக் கோரிக்கையாக மாறிய வரலாறு அது.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. ஆஷா ஊழியர்களுக்கு இந்நோயின் அறிகுறிகள் குறித்துப் பயிற்சி வேண்டும். எல்லாத் தீவுகளின் பெண்களுக்கும் ஸ்கேன் வசதி தடையின்றிக் கிடைக்க வேண்டும். கீமோதெரபியைத் தீவிலேயே தொடர வழி வேண்டும். கடல் கடந்து செல்வோருக்கும் துணைவருக்கும் பயணம், தங்குமிடம், வருமான இழப்பீடு வேண்டும். ஆராய்ச்சிக்குத் தனி நிதி வேண்டும்.

2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தைப் பொதுச் சுகாதாரத்துக்குச் செலவிடுவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை கூறியது. கிரேட் நிக்கோபாரில் ரூ.72,000 கோடிக்குத் திட்டம் தீட்டிய அரசு, தீவுப் பெண்களின் உயிருக்குப் பணமில்லை என்று சொல்ல முடியாது. கிளைதோறும் இதை எடுத்துச் செல்வோம், தோழர்களே!